மூடியைக் கழற்றிக் காட்டுங்க

சோமனூரில் என் சித்தி மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவளுடைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றி, சமையலறைத் தராசில் வைத்தேன். அறுநூறு கிராம்கூட வரவில்லை. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்து.

கரண்டில் ஓடுகிற சாமானைக் கனம் பார்த்து எடைபோட எனக்குப் பழக்கியவர் அப்பா. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். யாராவது மலிவாகக் கிடைத்தது என்று ஒரு ஹெச்.பி. மோட்டாரைக் கொண்டுவந்து காட்டினால், ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். “செம்பையும் கொறச்சுட்டான், ஸ்டாம்பிங்கையும் கொறச்சுட்டான். ரெண்டு கோடை தாங்காது கண்ணு” என்று கீழே வைத்துவிடுவார். அவர் சொன்னது தப்பியதில்லை. அந்த எஸ்.எம்.பி.எஸ்ஸின் மூடியைத் திறந்தபோது அப்பா குரல்தான் காதில் கேட்டது. உள்ளே போர்டில் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் சுருள் இல்லை. கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டுகிற சுருள் அது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இடம் இருக்கிறது, பெயர் அச்சடித்திருக்கிறது, சாமான் மட்டும் இல்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 168 வாட். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். அந்த 168-ஐயாவது அது கொடுத்திருக்குமா என்பது அறுநூறு கிராமைக் கையில் வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும்.

என் தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டுச் சாமான் அல்ல. வீட்டோடு பதினாறு கூலித்தறி. பாவு எத்தனை வந்தது, ஊடை நூல் எத்தனை மூட்டை, எத்தனை மீட்டர் துணி மடித்துப் போனது, தறி ஓட்டுகிறவர்களுக்கு வாரக்கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்று எல்லாக் கணக்கும் அவள் தலையில். பக்கத்துத் தோட்டத்து மூன்று தறிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. பில்லும் அவள்தான் போட்டுக் கொடுக்கிறாள். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்துக் கூலித்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்களே, அப்போது அவள் வீட்டிலும் சத்தம் அடங்கித்தான் கிடந்தது. தறி மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, வாரம் இவ்வளவு என்று எடுத்துவைத்து, ஆவணியில் காந்திபுரம் போய் வாங்கிய பெட்டி அது. 16,500 ரூபாய். ‘ஐ7, 16 ஜி.பி. ரேம், 512 எஸ்.எஸ்.டி., மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து’ என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருந்தார்களாம்.

மாசி பிறக்கும் முன்னால் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. “டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுதுங்ணா. அப்பறம் கருகின வாசம். அவ்வளவுதானுங்க” என்றாள்.

எஸ்.எம்.பி.எஸ். தனியாகச் செத்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸும் சாகும். ஆனால் அது சாகும்போது தன்னை மட்டும் அணைத்துக்கொள்ளும். வோல்டேஜ் எல்லை தாண்டினால் உடனே நிறுத்துவதற்கென்றே உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். எஸ்.எஸ்.டி.க்குப் போவது 5 வோல்ட். அது துள்ளினால் தடுக்க ஆள் வேண்டும். இதில் அந்தக் காவலையும் மிச்சம் பிடித்திருந்தார்கள். மதர்போர்டும் போச்சு, எஸ்.எஸ்.டி.யும் போச்சு. ஐந்து மாதக் கூலிக்கணக்கு அந்த எஸ்.எஸ்.டி.யில் இருந்தது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போனதெல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது; தறிக்கணக்கு கைநோட்டுகளைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

பிராசசரின் மேல்தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஐ7 உண்மைதான். ஐ7-2600. இரண்டாம் தலைமுறை. 2011 ஜனவரியில் வெளிவந்த சிப். தமிழ்நாடு அரசு பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது அதே வருஷம் செப்டம்பரில். அந்த முதல் லேப்டாப்பை வாங்கிய பிளஸ் டூ பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டித் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு பழைய சிப்பை ‘ஐ7’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் சொல்லி, 2025-இல், புதுப் பெட்டியில், புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அந்தச் சிப் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் காலத்தில் அது ராஜா. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100 என்ற சாதாரணச் சிப்புக்கும் அதே நான்கு கோர்தான். ஒரு கோரின் வேகத்தில் அது இதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐ3, ஐ5, ஐ7 என்று ஏறுவரிசையில் எழுதியிருப்பதைப் பார்க்கிற எங்கள் ஜனம், ஏழு பெரியதா மூன்று பெரியதா என்றுதானே பார்க்கும்? பின்னால் வருகிற எண்தான் வயதைச் சொல்கிறது என்று அவர்களிடம் யார் சொன்னார்கள்?

கடைக்குப் போனேன். கோபத்தோடு போகவில்லை, கேட்கத்தான் போனேன். “பர்ன் ஆயிருக்குங்க சார், பர்ன் ஆனா வாரண்டியில வராதுங்க” என்றார் கடையில் இருந்த பையன். ஒரு வருஷ வாரண்டி என்றுதானே சொல்லியிருந்தார்கள்? கம்ப்யூட்டர் என்றால் எரிந்துதான் கெடும். மழையில் நனைந்தா கெடும்? பில் கேட்டார். தங்கச்சி கையில் இருந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. ‘கம்ப்யூட்டர் செட் – 1 – 16,500’. அவ்வளவுதான் அதில். வாங்கும்போதே, “பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் எச்சாகுமுங்க்கா, உங்களுக்கு எதுக்கு அது” என்று சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 2,970 ரூபாய். ஊருக்கே ஜி.எஸ்.டி. பில் போடுகிறவள் அந்த 2,970-க்காகத் தன் பில்லை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மீட்டருக்குச் சில பைசா கூலி ஏற்றிக் கேட்டு வாரக்கணக்கில் தறியை நிறுத்துகிற ஊரில், 2,970 ரூபாய் என்ன கனம் என்று எனக்குத் தெரியும்.

நான் வயிறெரிவது மலிவு விலையைப் பார்த்து அல்ல. மலிவான கம்ப்யூட்டர் வேண்டும். கணக்கு எழுதுகிற பெண்ணுக்கும், அன்னூரில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், பாலிடெக்னிக் படிக்கிற பையனுக்கும் அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி எதற்கு? டேலி ஓட, எக்சல் ஓட, போர்ட்டல் திறக்கப் பெரிய குதிரை வேண்டியதில்லை. எரிச்சல் என்னவென்றால், எதைக் குறைத்துவிட்டு அந்த விலைக்குக் கொடுக்கிறோம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். குறைப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே பார்த்தால் கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு, ஃபேனில் ஏழு வர்ண விளக்கு. அந்த விளக்குக்குக் கொடுத்த காசை எஸ்.எம்.பி.எஸ்ஸில் போட்டிருந்தால் இன்றைக்கு அந்தப் பெட்டி உயிரோடு இருந்திருக்கும்.

இதை வேறு ஊர்க்காரர் எழுதலாம், நான் எழுதும்போது வலி கொஞ்சம் எச்சு. இது கோயமுத்தூர். 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிவந்த பிறகு மில்லும் பம்பும் பட்டறையுமாக வளர்ந்த ஊர். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர். இங்கே ஒரு விவசாயி பம்புசெட் வாங்கப் போனால் கடைக்காரரை விடமாட்டார். “செம்பு வைண்டிங்குங்களா, அலுமினியமுங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. இம்பெல்லர் என்ன, புஷ் என்ன, எத்தனை அடியில் எத்தனை லிட்டர் தள்ளும் என்று குடைந்தெடுப்பார். மோனோபிளாக் பம்புக்கு ஐ.எஸ். 9079 என்று தரம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட பம்பில் ஒரு தகடு அடித்திருக்கும். ஹெட் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அதில் பொறித்திருக்கும். தகடு பொய் சொன்னால் சோதித்துப் பார்க்க ஊரிலேயே சிட்டார்க் சோதனைக்கூடம் இருக்கிறது. கிரைண்டருக்குக்கூட எங்கள் ஊர்ப் பெயரில் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரின் நடுச்சந்தியில், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி எழுதாத பெட்டியை, ‘செட் ஒன்று’ என்று சீட்டு எழுதி விற்கிறார்கள். பம்புசெட் கடையில் அத்தனை கேள்வி கேட்ட அதே மனிதர் பேசாமல் காசு கொடுத்துவிட்டு வருகிறார். கேட்கத் தெரியாதவர் இல்லை அவர். இதில் எதைக் கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர், மெக்கானிக்கல் படிக்கிற மகனுக்காக ‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ போட்ட பெட்டி ஒன்றை வாங்கினார். முப்பரிமாண டிசைன் சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். பாவம் அந்தப் பையன், நாற்பது பாகம் உள்ள அசெம்பிளியைத் திருப்பினால் திரை உறைந்து நிற்கிறது. கார்டைப் பார்த்தால் 2014-இல் வந்த மாடல். நான்கு ஜி.பி. இருக்கிறது, மெதுவான டி.டி.ஆர்.3. பெரிய தொட்டி கட்டிச் சுண்டுவிரல் குழாய் போட்ட கதை. இப்போது வருகிற சில பிராசசர்களில் உள்ளேயே சேர்த்துத் தருகிற கிராபிக்ஸ் அதைவிட வேகம். அந்தக் கார்டே தேவைப்பட்டிருக்காது. அதற்குத் தனியாக அவரிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

‘அப்படியானால் பெரிய கம்பெனிப் பெட்டியாக வாங்கிவிட வேண்டியதுதானே’ என்று சொல்வார்கள். சொல்லலாம். அதில் ஒரு நிம்மதி உண்டு. எஸ்.எம்.பி.எஸ். யோக்கியமாக இருக்கும், விண்டோஸ் ஒரிஜினலாக இருக்கும், கெட்டால் வீட்டுக்கு ஆள் வருவார். ஆனால் அங்கேயும் மலிவு மாடல்களில் கையை வைக்கிற இடம் இருக்கிறது. 8 ஜி.பி. ரேமை ஒரே குச்சியாகப் போடுவார்கள். இரண்டு நான்காகப் போட்டிருந்தால் இரண்டு வழியில் ஓடியிருக்கும். பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். கம்பெனிக்கென்றே செய்த அளவு, மதர்போர்டில் சொருகும் பிளக்கும் தனி. வாரண்டி முடிந்து நான்காம் வருஷம் அது போனால், காந்திபுரம் முழுக்க அலைந்தாலும் பொருந்துகிற ஒன்று கடையில் கிடைக்காது. கம்பெனி வைத்த விலைதான் விலை. மோட்டாருக்கு பேரிங் நம்பர் சொன்னால் ஒப்பணக்காரத் தெருவிலும் கிடைக்கும் உக்கடத்திலும் கிடைக்கும் என்று வாழ்ந்தவர்களுக்கு இது ஏற்க முடியாத நியாயம்.

விண்டோஸ் சங்கதி தனி. தங்கச்சியின் பெட்டியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிபந்தனைப்படி இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்தி, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேறு வேண்டும். இரண்டாம் தலைமுறையில் அதை எப்படி ஏற்றினார்கள்? சோதனையைத் தாண்டிப்போகிற குறுக்குவழியில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. லைசென்ஸும் கிடையாது, திருட்டுச் சாவிதான். விண்டோஸ் 10-ஐப் போட்டிருந்தாலும், அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியப்போகிறது என்பது விற்கும்போதே கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. பேங்க் பாஸ்வேர்டும் ஜி.எஸ்.டி. போர்ட்டல் பாஸ்வேர்டும் தட்டுகிற பெட்டி அது. பக்கத்துத் தோட்டத்து மூன்று தறிக்காரர்களின் பாஸ்வேர்டும் சேர்த்து.

எல்லாவற்றையும் கடைக்காரர் தலையில் கட்டவும் மாட்டேன். தங்கச்சி வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கும் என்றாள். பிளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல பெட்டி வைத்தாலும் அதன் உடம்பில் கசிவு நிற்கும். அது வயரிங் செய்தவர் செய்த பாவம். தறி மோட்டார்கள் நின்று நின்று கிளம்புகிற லைனில் யு.பி.எஸ். இல்லாமல் வைத்ததும் தப்புதான். ஆனால் பதினாறு தறி வீட்டில் இருக்கிறது என்று சொல்லி வாங்க வந்தவளிடம், “அக்கா, ஒரு யு.பி.எஸ். போட்டுக்குங்க, எர்த் இருக்கான்னு பாத்துக்குங்க” என்று ஒரு வாய்ச்சொல் சொல்லியிருக்கலாமே? அந்தச் சொல்லுக்குக் காசு செலவில்லை.

ராம் நகரில் இன்னொரு கடைக்குப் போனேன், மாற்றுப் பெட்டி பார்க்க. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் பக்கம் சிப் கம்பெனிகள் சரக்கைத் திருப்பியதன் பாரம் சோமனூர் வரைக்கும் வந்து இறங்கியிருக்கிறது. புதுசு எடுக்க வழியில்லை. ஐ.டி. கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்த பெட்டிகள் அங்கே வரிசையாக அடுக்கியிருந்தன. “மூடியைக் கழற்றிக் காட்டுவீங்களா தம்பி?” என்றேன், மறுப்பார் என்று நினைத்துக்கொண்டே. இரண்டு ஸ்க்ரூ. கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். “எட்டாம் ஜெனரேஷன் ஐ5-ங்க, ரேம் 8, யூஸ்டு சார், பழசுதானுங்க” என்று அவராகவே சொன்னார். எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற இலவச சாஃப்ட்வேரை ஓட்டச் சொன்னேன், ஓட்டினார். எஸ்.எம்.பி.எஸ்ஸில் எழுதியிருந்தது வெறும் 200 வாட். கையில் எடுத்தேன், கனம் இருந்தது. பில்லில் பிராசசர் நம்பர், போர்டு மாடல், ரேம், எஸ்.எஸ்.டி.யின் சீரியல் நம்பர் வரைக்கும் எழுதிக் கொடுத்தார். மானிட்டர் பழசே இருந்ததால் பதினாலாயிரத்தில் முடிந்தது. பத்து நிமிஷ வேலை.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நான் கேட்கிறேன். பழசு விற்பது குற்றமில்லை. பழசு என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் தன் காசுக்குத் தகுந்தபடி யோசித்துக்கொள்வார். சரக்கின் தரம், அளவு, விலை எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம். 1915-க்கு போன் பண்ணியும் சொல்லலாம். தங்கச்சியிடம் எடுத்துச் சொன்னேன். “துண்டுச்சீட்ட வெச்சுட்டு என்னன்னுங்ணா போய் நிக்கறது? தறிய விட்டுப்போட்டு ஆரு அலையறது?” என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பில் எழுதாமல் விற்பதில் இருக்கிற முழுச் சூட்சுமமும் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

நேற்று இரவு போன் செய்தேன். வாரக்கூலி நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு மாற்றுப் பெட்டியில் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தறி சாத்திய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறதாம். கார்த்திகை வரைக்கும் ஏறிவிட்டது. மார்கழி நோட்டில் எண்ணெய் கொட்டி மூன்று வாரக் கணக்கு படிக்க முடியவில்லை. தறி ஓட்டுகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எத்தனை மீட்டர் ஓட்டினீங்க, எவ்வளவு வாங்கினீங்க என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.